கால் வளைந்த சிறுவன் டாக்டர் ஆன கதை: பெருமூளை வாதத்தை உலகுக்கு விளக்கிய வில்லியம் ஜான் லிட்டில் யார்?

1836 ஜூன் 6. ஜெர்மனியின் ஹனோவர் நகரம். 25 வயது ஆங்கிலேய இளைஞர் ஒருவர் தன் இடது காலை ஒரு சர்ஜனிடம் நீட்டுகிறார். மயக்க மருந்து கிடையாது. அது புழக்கத்துக்கு வர இன்னும் 10 வருஷம் இருக்கிறது. கிருமிகளால்தான் காயம் சீழ் பிடிக்கிறது என்பதும் அன்றைய சர்ஜன்களுக்குத் தெரியாது. ஒரு சின்னக் கத்தி தோலுக்குள் நுழைகிறது. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் அறுபடுகிறது. கத்தி வெளியே வருகிறது. அவ்வளவுதான்.

அந்த இளைஞர் வில்லியம் ஜான் லிட்டில். அவரும் ஒரு டாக்டர். இந்த ஆபரேஷன் ஆபத்தானது என்று எச்சரித்தவர்களை மீறித்தான் அவர் ஹனோவருக்கு வந்திருந்தார்.

இன்று பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) என்று நாம் சொல்லும் நிலையை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் இவர்தான். பல ஆண்டுகள் அதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர் இருந்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கும் குறைபாடுகளில் பெருமூளை வாதமும் ஒன்று. ஆனால் அதை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவரின் சொந்தக் காலைப் பற்றிப் பலருக்குத் தெரியாது.

விடுதிக்காரரின் மகன்

லிட்டில் பிறந்தது 1810 ஆகஸ்ட் 7, லண்டனின் ஆல்ட்கேட் பகுதியில். அப்பா, அம்மா இருவரும் அங்கே 'ரெட் லயன்' என்ற பயணியர் விடுதியை நடத்திவந்தார்கள். இரண்டு வயதில் குழந்தைக்கு ஒரு நோய் வந்தது. அது போலியோவாக, அதாவது இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்களின் கணிப்பு. நோய் போனது, ஆனால் இடது காலின் சில தசைகள் செயலிழந்துவிட்டன.

கால் தசைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் மாதிரி. ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் இழுத்துக்கொண்டே போகும். குழந்தை வளர வளர, இழுக்கும் பக்கத்துத் தசைநாண் சுருங்கி இறுகிவிடும். லிட்டிலின் பாதம் அப்படித்தான் உள்நோக்கித் திரும்பி, குதிகால் தரையைத் தொடாத நிலைக்குப் போனது. இப்படிப்பட்ட வளைபாதத்தை ஆங்கில மருத்துவத்தில் 'கிளப் ஃபூட்' என்கிறார்கள்.

பள்ளியில் மற்ற பிள்ளைகள் அவர் நடையைக் கேலி செய்தார்கள். படிப்பில் அவர் கெட்டிக்காரர். கொஞ்ச காலம் பிரான்ஸில் உள்ள செயின்ட் ஓமர் நகரிலும் படித்தார். அங்கே கற்றுக்கொண்ட பிரெஞ்சு, ஐரோப்பிய மருத்துவ நூல்களைப் படிக்கப் பின்னாளில் உதவியது. பதின்ம வயதிலேயே ஒரு மருந்தாளரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1828-இல் லண்டன் மருத்துவமனையில் மாணவரானார். 1832-இல் சர்ஜன்களுக்கான தகுதியும் கைக்கு வந்தது.

டாக்டர் ஆவதற்கு அவருக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. தன் காலுக்கு ஒரு வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாணை அறுக்க ஏன் அவ்வளவு பயம்?

சுருங்கிய தசைநாணை அறுத்துவிட்டால் பாதம் இறங்கிவிடும். யோசனை என்னவோ எளிமையானதுதான். பிரெஞ்சு சர்ஜன் டெல்பெஷ் 1816-இல் இதைச் செய்தும் பார்த்தார். ஆனால் காயம் சீழ் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் அந்த வழியையே விட்டுவிட்டார்.

அன்றைக்கு அறுவை சிகிச்சையின் மிகப் பெரிய எதிரி வலி இல்லை, காயத்தில் வரும் தொற்றுதான். பாதத்தைச் சரிசெய்யப் போய்க் காலையே இழக்க நேரிடலாம், உயிரே போகலாம். நடையில் ஒரு குறை இருக்கிறது என்பதற்காக இவ்வளவு பெரிய ரிஸ்க் எடுக்கலாமா? பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

ஹனோவரில் இருந்த லூயி ஸ்ட்ரோமேயர் 1831-இல் வேறொரு வழியில் முயன்றார். தோலில் மிகச் சிறிய துளை மட்டும் போட்டு, அதன் வழியே மெல்லிய கத்தியை நுழைத்து, உள்ளேயே நாணை அறுப்பது. வெளிக்காயம் சின்னதாக இருப்பதால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. கிருமிகளைப் பற்றித் தெரியாத காலத்திலேயே கிருமி நுழையும் வாசலை அவர் குறுக்கிவிட்டார். ஆபரேஷன் முடிந்து சில நாள் காத்திருந்து, பிறகு ஒரு கருவியில் பாதத்தைக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார். அறுபட்ட நாண் நீண்ட நிலையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

காலை நம்பி ஒரு பயணம்

1834-இல் லிட்டில் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். ஊர் ஊராகப் போய் மருத்துவக் கல்விக்கூடங்களைப் பார்த்தார், பெரிய பெரிய ஆட்களிடம் கருத்துக் கேட்டார். பெர்லினின் புகழ்பெற்ற சர்ஜன் டீஃபென்பாக்கும் இந்த ஆபரேஷனை நம்பவில்லை. கடைசியில் லிட்டில் நேராக ஸ்ட்ரோமேயரிடமே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஜூன் 6. ஆபரேஷன் வெற்றி. சில வாரங்களில் பாதம் தரையில் பதிந்தது. குழந்தைப் பருவத்தில் செயலிழந்த தசைகளை எந்தக் கத்தியாலும் திருப்பித் தர முடியாது. ஆனால் வளைவு போனது, நடை மாறியது.

ஸ்ட்ரோமேயரிடமே தங்கி லிட்டில் அந்த முறையைக் கற்றுக்கொண்டார். பிறகு பெர்லின் போனபோது, வாதம் செய்ய அவருக்கு ஒரு சான்று போதும், அது அவரது கால்தான். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று டீஃபென்பாக்கே நேரில் பார்த்தார். சந்தேகப்பட்டவர் மாறிவிட்டார். அதன்பின் அவரே நூற்றுக்கும் அதிகமானவர்களுக்கு இந்த ஆபரேஷனைச் செய்தார்.

வளைபாதம் பற்றியே ஆய்வேடு எழுதி 1837-இல் பெர்லினில் லிட்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு பிப்ரவரி 20 அன்று லண்டனில் இந்த முறையில் முதல் ஆபரேஷனைச் செய்தார். இங்கிலாந்துக்கே அது புதுசு. 1839-இல் வளைபாதம் குறித்த அவரது நூல் வெளியானது.

கை, கால் வளைந்த ஏழைகளுக்கென்று லண்டனில் ஒரு தனி மருத்துவமனை வேண்டும் என்று 1838-இல் முயற்சி தொடங்கினார். 1840-இல் ப்ளூம்ஸ்பரி சதுக்கத்தில் அது திறக்கப்பட்டது. 'ராயல்' பட்டம் பெற்று வளர்ந்த அந்த மருத்துவமனை, 20-ஆம் நூற்றாண்டில் வேறு மருத்துவமனைகளோடு இணைந்தது. லண்டனின் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் ஹாஸ்பிடல் வந்த வழி இதுதான். தன் மகன் ஒருவருக்கு லிட்டில் வைத்த பெயர் லூயி ஸ்ட்ரோமேயர் லிட்டில். காலைச் சரிசெய்தவருக்கு இதைவிடப் பெரிய நன்றி வேறென்ன?

இந்தக் குழந்தைகள் வேறு மாதிரி

மருத்துவமனைக்கு நிறையக் குழந்தைகள் வரத் தொடங்கியதும் லிட்டில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சில குழந்தைகளின் நடை, வளைபாதக் குழந்தைகளின் நடையைப் போல இல்லை.

இவர்களுக்கு இரண்டு கால்களும் விறைத்திருந்தன. தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, முழங்கால்கள் உரசின, நுனிக்காலில் நடந்தார்கள். சிலருக்குக் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே பின்னிக்கொண்டன. போலியோவில் தசை தொய்ந்து மெலியும். இங்கே தசை அளவுக்கு மீறி இறுகியிருந்தது. தான் பட்டது ஒன்று, இந்தக் குழந்தைகள் படுவது வேறொன்று என்று அவருக்குப் புரிந்தது. பல குழந்தைகளுக்கு அறிவுத்திறன் நன்றாகவே இருப்பதையும் பதிவு செய்தார்.

காரணம் பாதத்தில் இல்லை, மூளையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1843-44-இல் உடல் வளைவுகள் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் 'லான்செட்' இதழில் வெளியாயின. அதில் இந்த விறைப்பு நிலையும் இடம்பெற்றது. 1853-இல் அவற்றை விரித்து நூலாக்கினார்.

பெற்றோரிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, பிரசவம் எப்படி நடந்தது என்பதுதான். குறைமாதத்தில் பிறந்ததா? பிரசவம் நீண்டுகொண்டே போனதா? பிறந்ததும் குழந்தை மூச்சுவிடத் திணறியதா? பல வருஷமாகக் கிடைத்த பதில்களைச் சேர்த்து வைத்தார்.

1861: அந்த உரை

1861 அக்டோபர் 2. லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் லிட்டில் தன் கட்டுரையைப் படித்தார். சிக்கலான பிரசவம், குறைப்பிரசவம், பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல் ஆகியவை குழந்தையின் மூளையையும் உடலையும் பாதிக்கலாம் என்பதே அதன் சாரம். பிறப்பின் விவரமும் பின்னால் தெரிந்த பாதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி குழந்தைகளின் அட்டவணையையும் கொடுத்தார்.

இப்படி ஒரு தொடர்பைப் பழைய மருத்துவ நூல்களில் தேடியபோது அவருக்குக் கிடைத்தது மருத்துவ நூலே இல்லை, ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகம். அதில் வரும் அரசன் குறைமாதத்தில் பிறந்து உடல் வளைந்தவனாகக் காட்டப்படுகிறான். சுவாரசியம் என்னவென்றால், 2012-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அந்த அரசரின் எலும்புக்கூடு உண்மையிலேயே கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, ஆனால் நாடகம் சொல்லும் சூம்பிய கைக்கு எலும்பில் சான்று இல்லை. ஆக, லிட்டில் காட்டிய உதாரணம் தவறு. உதாரணம் சொல்ல வந்த விஷயம் நிலைத்தது.

அவர் சொன்னது எவ்வளவு சரி?

பாதி சரி. மீதிப் பாதியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் நமக்கெல்லாம் வேறு காரணத்துக்காகத் தெரிந்தவர், சிக்மண்ட் ஃபிராய்டு. உளப்பகுப்பாய்வுக்கு முன்பு அவர் வியன்னாவில் நரம்பியல் டாக்டராக இருந்தார். குழந்தைகளின் மூளை வாதம் பற்றி 1897-இல் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அவரது சந்தேகம் இதுதான். கருவிலேயே குழந்தைக்கு ஏதோ பாதிப்பு ஏற்பட்டிருந்தால், அதன் விளைவாகவும் பிரசவம் சிக்கலாகலாம் இல்லையா? அப்படியானால் சிக்கலான பிரசவம் காரணமா, இல்லை அதுவே ஒரு அறிகுறியா?

பின்னாளில் வந்த பெரிய ஆய்வுகள் ஃபிராய்டின் சந்தேகத்துக்கு வலு சேர்த்தன. பிரசவ நேர மூச்சுத்திணறல், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் சிறு பகுதியினருக்கே காரணம். குறைப்பிரசவம் முக்கியமான ஆபத்துக் காரணி என்று லிட்டில் சொன்னது சரியாகவே இருக்கிறது.

இது வெறும் வரலாற்றுச் சர்ச்சை கிடையாது. எங்கே தப்பு நடந்தது, யாரால் நடந்தது என்ற கேள்வியைப் பல அம்மாக்கள் இன்றும் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள், உறவினர்களும் கேட்கிறார்கள். நிறையப் பேருக்கு அந்தக் கேள்விக்குப் பிரசவ அறையில் பதில் இல்லை. இதையும் சொல்ல வேண்டும்: சிக்கலோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் எந்தப் பாதிப்பும் இல்லாமல் தேறிவிடுகிறார்கள் என்பதை லிட்டிலே தன் உரையில் ஒப்புக்கொண்டிருந்தார்.

அவரைக் காப்பாற்றிய ஆபரேஷன் மற்றவர்களுக்கு ஏன் சரிவரவில்லை?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. நுனிக்காலில் நடக்கும் பெருமூளை வாதக் குழந்தையைப் பார்த்ததும் சர்ஜனுக்கு முதலில் தோன்றுவது, குதிகால் நாண் இறுகியிருக்கிறது, அதை நீட்டிவிடலாம் என்பதே. அடுத்து வந்த நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல குழந்தைகளுக்கு அதைத்தான் செய்தார்கள். பலருக்குப் பலன் கிடைத்தது. சிலருக்கு நிலைமை மோசமானது.

ஏன்? நீங்களே எழுந்து நின்று பாருங்கள். பாதத்தையும் காலையும் செங்கோணத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கோணம் மாறாமல் முழங்காலை மட்டும் மடக்குங்கள். குதிகால் தானாகத் தரையை விட்டு எழும்பும். கணுக்காலில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் பார்க்கிறவருக்கு நுனிக்காலில் நிற்பதுபோலத் தெரியும். பிரச்சினை முழங்காலில், அல்லது இடுப்பில் இருக்கிறது.

இப்படிப்பட்ட குழந்தையின் குதிகால் நாணை நீட்டினால் என்ன ஆகும்? கெண்டைக்கால் தசைதான், நாம் நிற்கும்போது கால் முன்னால் சாய்ந்துவிடாமல் பிடித்துவைக்கிறது. அது பலவீனமானால் கால் முன்னே சாயும், முழங்கால் இன்னும் மடங்கும், குழந்தை குந்தியபடியே நடக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் சக்தி செலவாகும். சில வருஷத்தில் முழங்கால் வலிக்கும். நடந்துகொண்டிருந்த பிள்ளை வீல்சேருக்குப் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வருஷம் குதிகால், அடுத்த வருஷம் தொடை, அதற்கடுத்து முழங்கால் என்று ஒவ்வொன்றாக ஆபரேஷன் செய்வார்கள். ஒவ்வொரு பிறந்தநாளும் ஆஸ்பத்திரியிலேயே கழியும். கனடாவைச் சேர்ந்த எலும்பு சர்ஜன் மெர்சர் ராங் இதற்குப் 'பிறந்தநாள் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்தார்.

கண்ணால் பார்த்தால் போதாதா?

போதாது. நடக்கும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே நேரத்தில், மூன்று திசைகளில் அசைகின்றன. கண்ணால் அத்தனையையும் பிடிக்க முடியாது. அதற்குத்தான் நடைப் பகுப்பாய்வு.

ஒரு தற்செயல் இருக்கிறது. லிட்டிலின் கால் ஆபரேஷன் நடந்த அதே 1836-இல், அதே ஹனோவர் அரசுக்குட்பட்ட கோட்டிங்கன் நகரில் ஒரு நூல் வெளியானது. இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபரும் உடற்கூறியலாளரான அவர் தம்பி எட்வர்டும் சேர்ந்து, மனிதர்கள் நடப்பதை அளந்து எழுதிய நூல் அது. நடையைச் சரிசெய்யும் கத்தியும் நடையை அளக்கும் அளவுகோலும் ஒரே வருஷத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வந்தன. ஆனால் இரண்டும் ஒன்றுசேர நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

லிட்டில் உயிரோடு இருக்கும்போதே பாரிஸில் எத்தியென் ஜூல் மாரேவும், அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜும் நடையைத் தொடர் புகைப்படங்களாக எடுத்தார்கள். 1880-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைபிரிட்ஜ் எடுத்த படங்களில், நடையில் பாதிப்புள்ள நோயாளிகளும் இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவின் ஜாக்குலின் பெரி, டேவிட் சதர்லேண்ட், ஜேம்ஸ் கேஜ் போன்றவர்கள் இந்த அளவீட்டைச் சிகிச்சையோடு இணைத்தார்கள்.

இன்றைய நடை ஆய்வகத்தில் என்ன நடக்கும்? குழந்தையின் இடுப்பிலிருந்து பாதம்வரை ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள். குழந்தை நடக்கும்போது சுற்றிலும் இருக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள் அந்த உருண்டைகளைப் பின்தொடரும். தரையில் பதித்த தகடுகள் ஒவ்வொரு அடியும் எவ்வளவு விசையோடு விழுகிறது என்று அளக்கும். தோலில் ஒட்டிய மின்முனைகள் எந்தத் தசை எந்த நொடியில் வேலை செய்கிறது என்று காட்டும். கம்ப்யூட்டர் இதையெல்லாம் வரைகோடுகளாக மாற்றி, பாதிப்பில்லாத குழந்தைகளின் கோடுகளோடு சேர்த்துக் காட்டும். கணுக்காலில் உண்மையான இறுக்கமா, முழங்காலால் வந்த தோற்றமா என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்த விவரம் கையில் இருப்பதால், தேவைப்படும் திருத்தங்களைப் பல இடங்களில் ஒரே ஆபரேஷனில் செய்யத் திட்டமிட முடிகிறது. சுமார் ஒரு வருஷம் கழித்து அதே அளவீட்டைத் திரும்பவும் எடுப்பார்கள். முன்பு, பின்பு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரியும். சர்ஜனுக்கும் அது ஒரு தேர்வு முடிவு மாதிரிதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆபரேஷன் நடையை மேம்படுத்தலாம், மூளையில் ஏற்பட்ட பாதிப்பை அது மாற்றாது. பிசியோதெரபி தொடர வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஆபரேஷன் தேவைப்படுவதும் இல்லை.

கடைசி ஆண்டுகள்

லிட்டில் லண்டன் மருத்துவமனையில் 1863 வரை மருத்துவராக இருந்தார். வயதாக வயதாகக் காது கேட்பது குறைந்தது. 1884-இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, கென்ட் மாகாணத்தின் ரயார்ஷ் கிராமத்தில் வாழ்ந்தார். 1894 ஜூலை 7 அன்று, 84 வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார். இன்னொரு மகன் முயர்ஹெட் லிட்டிலும் எலும்பு சர்ஜன் ஆனார். 1918-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஆர்த்தோபீடிக் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான்.

'லிட்டில் நோய்' என்ற பெயர் இப்போது பெரிதாகப் புழக்கத்தில் இல்லை. ஆனால் நடை ஆய்வகத்துக்கு வரும் ஒரு குழந்தையிடம், பிறப்பு எப்படி, நடை எப்படி, காரணம் பாதத்திலா அதற்கு மேலேயா என்று டாக்டர்கள் கேட்கும் கேள்விகள் அவர் கேட்டவைதான். டீஃபென்பாக்கிடம் ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் அவர் காட்டியது தன் ஒரே ஒரு காலை. இன்று ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த ஒப்பீட்டை எண்களில் எடுத்து வைக்க முடிகிறது.